வரப்பில் விழுந்த பந்து

உலகத்தில் டென்னிஸ் ஆடிப் பிழைக்கும் பெண்களை வரிசையாக நிற்கவைத்தால், முன்னால் நிற்பவர்களைத் தொலைக்காட்சியில் பார்க்கலாம். நடுவில் நிற்பவர்களை அவரவர் பயிற்சியாளர்களாவது பார்ப்பார்கள். நான் நின்ற இடத்தில் வரிசை மூலை திரும்பி, டீக்கடையைத் தாண்டி, பேருந்து நிலையத்துக் கழிவறைப் பக்கம் போயிருக்கும். ஆனாலும் அது வரிசைதான். பத்தொன்பது வயதில் போய் நின்றவள், முப்பத்தொன்பது வரைக்கும் இடத்தை விடவில்லை.

அந்த வரிசை திங்கட்கிழமைதோறும் புதிதாக வெளியாகும். என் அத்தா மலையடிவாரத்து ஊரில் மிளகு வியாபாரி. கொல்லிமலைக்காரர்களிடம் மிளகு வாங்கி, சலித்து, வெளியூருக்கு அனுப்புவார். திங்கட்கிழமை காலையில் கைப்பேசியில் என் பெயரைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டுத்தான் கடை திறப்பார். பிறகு மண்டியில் மிளகு விலை சொல்லும் மூச்சிலேயே என் நிலவரத்தையும் சொல்வார்.

"மொளகு நேத்தைய வெலதான். பொண்ணு ஆயிரத்து நூறு."

"போன வாரம் ஆயிரந்தானுங்க பாய்? அட, ஏறிருச்சுங்களே!"

"ஏறிருச்சு."

"வித்துப்போடாதீங்க. இன்னும் ஏறும்."

எண் ஏறினால் நான் இறங்கியிருக்கிறேன் என்று அத்தா ஒருநாளும் திருத்தியதில்லை. அதனால் என் ஆட்டம் வருடத்துக்கு வருடம் சரியச் சரிய, எங்கள் ஊர் மண்டியில் என் மதிப்பு ஏறுமுகமாகவே இருந்தது. கல்யாண வீடுகளில் என்னைத் தேடி வந்து வாழ்த்துவார்கள். நானும் அடக்கத்தோடு தலையாட்டுவேன். வேறென்ன செய்வது?

சிக்கல் என்னவென்றால், டென்னிஸில் சம்பாதித்த புள்ளிகளுக்கு ஆயுள் ஒரு வருடந்தான். அடுத்த வருடம் அதே வாரம் வரும்போது அவை உதிர்ந்துவிடும். புதிதாகச் சம்பாதித்திருந்தால் பெயர் நிற்கும். இல்லையென்றால் பட்டியலிலிருந்து பெயரே போய்விடும். என்னிடம் மிச்சமிருந்தவை, எப்போதோ எதிராளிக்குக் காய்ச்சல் வந்த புண்ணியத்தில் பொறுக்கிய சில்லறைப் புள்ளிகள். அவை உதிர்வதற்குள் எனக்கு இடம் கிடைத்திருந்தது ஒரே ஒரு போட்டியில். அதில் ஒரேயொரு ஆட்டம் வென்றால் போதும், இன்னொரு வருடம் பட்டியலில் இருக்கலாம். தோற்றால் இருபது வருடத்தைத் துடைத்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

முப்பத்தொன்பது வயதில் ஒரேயொரு ஆட்டம் என்பது லேசுப்பட்ட காரியமில்லை. நான் ஆடுகிற சின்னப் போட்டிகளில் எதிராளிகள் எல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகள். உடை மாற்றும் அறையில் பை தூக்கி வந்து உட்கார்ந்தால், "ஆன்ட்டி, உங்க பொண்ணு எந்த கோர்ட்ல ஆடறா?" என்று பரிவோடு கேட்பார்கள். நான்தான் அந்தப் பொண்ணு என்று சொன்னால் அதைவிடப் பரிவோடு பார்ப்பார்கள். என் வலது முழங்கால் வேறு, குனியும்போதெல்லாம் முறுக்கைக் கடிக்கிற சத்தம் கொடுக்கும்.

பயிற்சிக்கும் இடமில்லை. எங்கள் ஊரில் இருந்த ஒற்றைக் கோர்ட்டு, பக்கத்துக் கல்யாண மண்டபத்துக்கு வண்டி நிறுத்தப் போய்விட்டது. அப்போதுதான், வெளிநாட்டு வீரர்கள் மூச்சைப் பெருக்க மலைக்குப் போய்ப் பயிற்சி எடுப்பார்கள் என்று படித்ததை அத்தாவிடம் சொன்னேன்.

"அதுக்கு எதுக்கு வெளிநாடு? நம்மகிட்ட இல்லாத மலையா?" என்றார் அத்தா. "மச்சான் களம் சும்மாதான் கெடக்குது. பஸ்ஸேறு."

மச்சான் என்றது கொல்லிமலை மேல் இருக்கும் வாழவந்தி நாட்டு விவசாயி ஒருவரை. அத்தாவுக்கு மிளகு போடுகிறவர். இரண்டு பேரும் இளவட்டமாக இருந்த காலத்திலிருந்தே மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். அந்தக் கணக்கில் அவர் எனக்கு மாமா, அவர் சம்சாரம் அத்தை.

எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்து ஏறி முடிக்கையில், என் உடல் எடையைக் குறைக்கும் திட்டம் ஜன்னல் வழியாகப் பாதி நிறைவேறியிருந்தது. இறங்கி நடந்துபோனால் அத்தை களத்தில் குனிந்து நிற்கிறார். மிளகும் ராகியும் காயவைக்கிற சிமெண்டுக் களம். அதை மூலைக்கு மூலை பச்சைச் சாணியால் மெழுகிக்கொண்டிருந்தார்.

"என்னங்க அத்தை இது?"

"பின்ன? மொத மொதல்ல வெளையாட வார. வெறுந்தரையாவா உடறது? வா சாமி, என்ன இப்படி எளைச்சுட்ட? இதென்ன உடுப்பு, கரண்டுக் கம்பத்துல ஏறப் போறவனாட்ட?"

புல்தரை, மண்தரை, சிமெண்டுத் தரை என்று மூன்று வகைகளில் இருபது வருடம் விதவிதமாகத் தோற்றிருக்கிறேன். நான்காவது வகை ஒன்று இருப்பதை அன்றைக்குத்தான் கண்டேன். ஈரத்தில் பந்து விழுந்த இடத்திலேயே உட்கார்ந்துகொள்ளும். காய்ந்த பிறகு எழும்பும், ஆனால் எந்தத் திசைக்கு என்பது அதன் விருப்பம். மஞ்சள் பந்து இரண்டே நாளில் எலுமிச்சங்காய் நிறத்துக்கு வந்துவிட்டது. வலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். காட்டுப்பன்றி வராமலிருக்கக் குச்சிக்கிழங்குக் கொல்லையைச் சுற்றிக் கட்டிய பழைய சேலைகளை அவிழ்த்து, ஒன்றோடொன்று முடிந்து, இரண்டு கம்புகளுக்கு நடுவே கட்டியிருந்தார்கள். ஊதா, அரக்கு, நடுவில் ஒரு பூப்போட்ட மஞ்சள். பந்து மஞ்சளில் பட்டால் எங்கே போனதென்றே தெரியாது.

முதல் நாளே சட்டச் சிக்கல் வந்தது. களத்தில் செருப்புக் கால் படக்கூடாது. தானியம் கிடக்கிற இடம்.

"மாமா, ஷூ இல்லாம ஆடினா முட்டி போயிருமுங்க."

மாமா தாடையைச் சொறிந்துகொண்டு யோசித்தார். "புதுசு வெச்சிருக்கியா கண்ணு? ரோட்டுல மிதிக்காதது?"

இருந்தது, போட்டிக்கென்று பத்திரமாக எடுத்து வைத்திருந்த ஜோடி. அதைப் பெட்டியோடு கையில் தூக்கிக்கொண்டு வந்து களத்தின் மேலேயே திறந்து போட்டேன். அன்றிலிருந்து அது களத்து ஷூ. வெளியே ஓரடி வைக்க அனுமதி இல்லை. களத்து மூலையில் முறத்தைக் கவிழ்த்து அதன் கீழே வைத்துவிட்டு, வெறுங்காலோடு சாப்பிடப் போவேன்.

என்னோடு எதிர்ப்பக்கம் ஆடியது அத்தை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, இரண்டு கையாலும் மட்டையைப் பிடித்து, ராகிக் கதிரை அடிக்கிற மாதிரிதான் அடிப்பார். பாணி என்று எதுவும் கிடையாது. பந்து மட்டும் திரும்பி வந்துகொண்டே இருக்கும். அடிக்கும்போது சமையல் பேச்சும் உண்டு. "மத்தியானத்துக்குச் சாமைச் சோறு போதுமா?" என்று கேட்டு முடிக்கையில் பந்து என் காலடியில் கிடக்கும்.

மாமா நடுவர். கோடு போட்டதும் அவர்தான். கயிறு பிடித்து, சுண்ணாம்பு கரைத்து, எல்லாம் ஒழுங்காகத்தான் செய்தார். ஆனால் கோடு ஒரு சாண் அகலம்.

"மாமா, இத்தனை பெருசா இருக்காதுங்க."

"வரப்புன்னா ஒராள் நடந்து போற மாதிரி இருக்க வேண்டாமா?"

"இது கோடுங்க, வரப்பில்லீங்க."

"இக்கட்ட உன்ற நெலம். அக்கட்ட வெளி நெலம். நடுவுல இருக்கறது என்னுங்கறேன்?"

இதற்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. மாமாவும் அவருடைய பங்காளியும் தங்கள் வயல்களுக்கு நடுவே இருந்த வரப்பை ஆளுக்கொரு பக்கம் வருடாவருடம் கொஞ்சங்கொஞ்சமாக மண்வெட்டியால் செதுக்கி, அதைக் கடைசியில் பூணூல் அளவுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். ஊர் கூடித் தீர்ப்புச் சொன்னது. வரப்பு இரண்டு பேருக்கும் பொது. அதன்மேல் யாரும் கை வைக்கக்கூடாது. வைத்தவன் எதிராளி வீட்டுக்கு விருந்து போட வேண்டும். அந்தத் தீர்ப்பில் மாமா தோற்ற பக்கமா ஜெயித்த பக்கமா என்று எனக்குத் தெரியாது. ஆனால் வரப்பு என்று வந்துவிட்டால் அவர் அசைய மாட்டார்.

டென்னிஸில் பந்து கோட்டின் ஓரத்தைத் தொட்டாலும் உள்ளே விழுந்ததாகத்தான் கணக்கு. இதை நான் நின்றும் உட்கார்ந்தும் விளக்கினேன். களத்தில் பழைய பந்தை வைத்துப் படம்போலக் காட்டினேன். மாமா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"வரப்புல வெளைஞ்ச புல்லு ஆருக்கு?"

"…ரெண்டு பேருக்கும்."

"அப்பறம் வரப்புல உழுந்த பந்து மட்டும் எப்படி உனக்காகும்? பொது. மறுக்கா போடு."

ஆக, எங்கள் களத்துச் சட்டம் இப்படி ஆனது: பந்து கோட்டில் விழுந்தால், அந்தப் பக்கத்து ஆள் அதைக் கையில் பிடித்து, "பொது" என்று சொல்லி, மரியாதையாக எதிராளிக்கே திருப்பிப் போட வேண்டும். புள்ளி மறுபடி முதலிலிருந்து. கோடு ஒரு சாண் அகலமாதலால் பாதிப் பந்துகள் பொதுவில்தான் போய் விழுந்தன. ஒரு புள்ளி முடிவதற்குள் மலையில் வெயில் போய் மூடுபனி வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமைகளில் மிளகு பார்க்க வருகிற அத்தாவும் களத்தோரம் குந்திக்கொண்டு, பந்து விழும் முன்பே "பொது, பொது!" என்று கூவப் பழகிவிட்டார்.

இதனால் எனக்கு ஒரு நன்மை விளைந்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். முடியவே முடியாத புள்ளிகளை ஆடி ஆடி, என் மூச்சு குதிரை மூச்சாகிவிட்டது. முட்டிகூடச் சத்தத்தைக் குறைத்துக்கொண்டது.

போட்டி சமவெளியில் ஒரு பெரிய ஊரில் நடந்தது. கிளம்புகிற அன்று அத்தை களத்து ஷூவை முறத்தடியிலிருந்து எடுத்துத் துடைத்து, மனசில்லாமல் கையில் கொடுத்தார்.

"ரோட்டுல மிதிக்கத்தான் போற. போகுது. செயிச்சுட்டு வா சாமி."

எதிராளிக்குப் பதினாறு வயது, சென்னைப் பிள்ளை, இரட்டைப் பின்னல். முதல் செட்டை என்னிடமிருந்து, மறந்துவிட்டுப்போன குடையை எடுத்துக்கொண்டு போவதுபோல எடுத்துக்கொண்டு போனாள். இரண்டாவது செட்டில் வெயில் ஏறியது. அவள் களைத்தாள். நான் களைக்கவில்லை. அத்தையின் பந்துகளை ஆடியவளுக்கு இந்தப் பிள்ளையின் பந்து, நேராக வந்து நேராக எழும்பும் நல்ல குடும்பத்துப் பந்தாகத் தெரிந்தது. அந்தச் செட் எனக்கு. மூன்றாவது செட்டும் சமநிலைக்குப் போய், கடைசித் தீர்மான ஆட்டத்தில் எனக்கு வெற்றிப் புள்ளி வந்து நின்றது. இந்த ஒன்றை எடுத்தால் ஆட்டம் என்னுடையது. பெயர் பட்டியலில் நிற்கும்.

பார்வையாளர் படிகளில் ஒரே ஒருவர் உட்கார்ந்திருந்தார், மடியில் டிபன் கேரியரோடு. அத்தாதான்.

ஓடவைத்து ஓடவைத்து அடித்தேன். அந்தப் பிள்ளை கடைசியில் கை தளர்ந்து, எப்படியோ ஒரு பந்தை வானத்தைப் பார்க்கத் தூக்கிப் போட்டாள். அது வந்தது பாருங்கள், சோம்பலாக, மிதந்து, எனக்காகவே நெய்து அனுப்பியதைப் போல. பின்கோட்டருகே போய் நின்று காத்திருந்தேன். தூங்குகிறவர்கள்கூட அந்தப் பந்தை அடித்து ஆட்டத்தை முடித்துவிடலாம்.

பந்து வந்து விழுந்தது, கோட்டின் மேல்.

என் இடது கை அதை லட்சணமாகப் பிடித்தது. "பொது!" என்றேன்.

அதே நொடியில் படிக்கட்டிலிருந்தும் ஒரு குரல் கம்பீரமாக எழுந்தது. "பொது!"

அத்தோடு நிறுத்தினேனா? பந்தை வலைக்கு அந்தப்பக்கம் மெதுவாகப் போட்டு, "மறுக்கா போடு கண்ணு" என்று வேறு சொன்னேன். உயரமான நாற்காலியில் இருந்த நடுவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, தாலி எடுத்துக் கொடுக்கும் நேரத்தில் மாப்பிள்ளை எழுந்து பந்திக்குப் போவதைக் கண்ட புரோகிதர் அப்படித்தான் பார்ப்பார். ஆடுகிற பந்தைக் கையால் பிடித்தால் புள்ளி எதிராளிக்கு. என்ன செய்தேன் என்று எனக்கே அப்போதுதான் உறைத்தது. அப்புறம் சிரிப்பு வந்தது. அது பொல்லாத சிரிப்பு. சிரித்துக்கொண்டே அடுத்த பந்தை வலையில் அடித்தேன். அதற்கடுத்ததை வேலிக்கு வெளியே அடித்தேன். ஆட்டம் முடிந்தது.

கைகுலுக்க வந்த பிள்ளை திகைத்துப் போயிருந்தாள். "ஆன்ட்டி, பொதுன்னா என்ன?"

அவளிடம் வரப்புக் கதை முழுவதையும் சொன்னேன். ஒன்றும் புரியாவிட்டாலும் என் கைப்பேசி எண்ணை வாங்கிக்கொண்டாள். அத்தா கேரியரைத் திறந்து புளிச்சோறு கொடுத்தார். வழியெல்லாம் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.

திங்கட்கிழமை வந்தது. அத்தா கைப்பேசியை மேலும் கீழும் தள்ளிப் பார்த்துவிட்டுச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மண்டியில் வழக்கம்போலக் கேட்டார்களாம்.

"பாய், பொண்ணு இன்னிக்கு என்னுங்க?"

"இன்னிக்கு வெல சொல்லல. சந்தை லீவு."

அதைக் கேள்விப்பட்ட பிறகுதான், வீட்டில் தனியாக உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். அழுகை என்று சொல்வதைவிட மூக்குச் சிந்தல் என்று சொல்லலாம். அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

மலையில் சேதி சொல்ல வேண்டுமே. அத்தாவும் நானும் ஏறினோம். நடந்ததைக் களத்தோரம் நின்று நான் சொல்லச் சொல்ல, மாமாவின் முகம் சிவந்தது. என் தோல்விக்காக அல்ல.

"கோட்டுல உழுந்துச்சா இல்லியா?"

"உழுந்துச்சுங்க."

"நீ பொதுன்னு சொன்னியா?"

"சொன்னேன். அத்தாவும் சொன்னாங்க."

"சாட்சியும் இருக்குது! அப்பறம் எப்படி அந்தாளு முடிச்சு வெச்சான்? ஆட்டம் முடியவே இல்லியே!"

"அந்தப் புள்ளைய இங்க வரச்சொல்லு கண்ணு," என்றார் அத்தை, முறத்தைக் கீழே வைத்து. "மறுக்கா ஆடட்டும். நாயம்னு ஒண்ணு வேண்டாமா?"

நான் விளையாட்டாகத்தான் அவளுக்குச் செய்தி அனுப்பினேன். அவள் வந்துவிட்டாள்! பள்ளி விடுமுறையில் அதே மலையில் இருக்கிற வாசலூர்பட்டி படகுத்துறையைப் பார்க்கப் பெற்றோரோடு வந்தவள், அப்படியே வாழவந்தி நாட்டுக்கும் வண்டியைத் திருப்பச் சொல்லியிருக்கிறாள். அவளுடைய அப்பா காரிலிருந்து இறங்கி, சாணி மெழுகிய களத்தையும் சேலை வலையையும் பார்த்துவிட்டு, மறுபடி காருக்குள் ஏறிக்கொள்ளலாமா என்று யோசிப்பது தெரிந்தது.

"செருப்பைக் கழட்டு சாமி," என்றார் அத்தை அந்தப் பிள்ளையிடம். நானும் கழற்ற வேண்டியதாயிற்று. என் ஷூ ரோட்டை மிதித்துக் கெட்டுப்போயிருந்தது.

ஒரே ஒரு புள்ளி என்று ஏற்பாடு. எனக்கு வெற்றிப் புள்ளி, அதே இடத்திலிருந்து. மாமா உரலைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார். அத்தா களத்தோரம் குந்தினார். அன்றைக்குக் கைப்பேசியை அவர் எடுக்கவே இல்லை. இதில் ஜெயித்தால் எந்தப் பட்டியலிலும் பெயர் ஏறப்போவதில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் இருக்கிற மட்டைகளில் நல்லதாகப் பார்த்து எடுத்தேன். தோற்றுவிட்டு வீட்டுக்குப் போவது வேறு, ஜெயித்துவிட்டுப் போவது வேறு.

ஆடினோம். அந்தப் பிள்ளை கெட்டிக்காரி. பந்து தப்பான திசையில் எழும்புவதை இரண்டு அடியிலேயே கண்டுகொண்டாள். ஒரு பந்து அவள் பக்கத்துக் கோட்டில் விழுந்தது. "பொது!" என்று பிடித்துத் திருப்பிப் போட்டாள். மாமா மெச்சித் தலையாட்டினார். மறுபடி ஆரம்பித்தோம். இன்னொரு பொது. அவளுடைய அம்மாவும் இப்போது "பொது!" என்று சேர்ந்து கத்தினார். மறுபடி. அவளுக்கு வெறுங்கால் லேசாக வழுக்க, நிலைதடுமாறி, ஒரு பந்தை வானத்தைப் பார்க்கத் தூக்கிப் போட்டாள்.

அதே பந்து, அதே சோம்பல். நான் பின்னால் போய் நின்றேன். இந்த முறை கையால் பிடிக்கிற புத்தி வேண்டாம், வேண்டவே வேண்டாம் என்று எனக்கு நானே ஓதிக்கொண்டேன். பந்து விழுந்து எழும்பியது. இருபது வருடத்துக் கோபத்தையும் திரட்டி அடித்தேன். அது வலையைத் தாண்டி, மூலையில் முறத்தைத் தட்டிவிட்டுக் குச்சிக்கிழங்குக் கொல்லைக்குள் போய் மறைந்தது. என் வாழ்க்கையிலேயே அப்படி ஒரு அடி அடித்ததில்லை. இரண்டு கையையும் தூக்கினேன்.

யாரும் கை தட்டவில்லை. அத்தை வாயில் கைவைத்து நின்றார்.

"கண்ணு," என்றார் மாமா, உரலிலிருந்து மெதுவாக இறங்கி. "அது வரப்புல உழுந்துச்சே."

குனிந்து பார்த்தேன். சுண்ணாம்பின் நடுவில், சாணிப் பந்தின் வட்டத் தடம், அச்சடித்ததுபோல.

"பொதுவுல கை வெச்சுட்டியே! புள்ளி அந்தப் புள்ளைக்குப் போகுது. விருந்து உன்ற செலவு."

"மாமா, நான் பழகின ஆட்டத்துல அது—"

"இது உன்ற ஆட்டமில்ல. என்ற களம்."

அந்தப் பிள்ளை குதித்தே விட்டாள். அத்தா வண்டி சொல்லி அடிவாரத்திலிருந்து பிரியாணி அண்டாவை வரவழைத்தார். எழுபது வளைவும் குலுங்கி வந்ததில் கறியெல்லாம் அடியில் தங்கிவிட்டது. தீர்ப்பின்படி என் கையாலேயே பரிமாறினேன். எதிராளி இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டாள். அவளுடைய அப்பா மூன்று தரம்.

எல்லோரும் கை கழுவுகிற நேரத்தில் அத்தா பக்கத்தில் வந்து நின்றார்.

"அங்க அடிக்காம தோத்த. இங்க அடிச்சுத் தோத்த."

"ஆமாங்கத்தா."

"ஒரே பந்துக்கு ரெண்டு சட்டத்துலயும் தோத்தவங்க வேற ஆராவது இருக்காங்களா?"

"இருக்க மாட்டாங்க."

அவர் கொஞ்சம் யோசித்தார். அடுத்த திங்கட்கிழமை மண்டியில் மிளகு விலையைச் சொல்லிவிட்டு, ஒரு வாரமாக மூடியிருந்த சந்தையையும் திறந்தாராம்.

"பொண்ணு, ஒண்ணு."

"ஒண்ணா?" என்று மண்டியே வருத்தப்பட்டதாம். "ஒரேயடியா எறங்கிருச்சுங்களே பாய்! அப்பவே வித்திருக்கலாமுங்க."